மூடாத பானெட்

உன் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பவளுக்கு,

பானெட் மூடவில்லை. யாராவது சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பெரிய எஞ்சினை உள்ளே இறக்கியதிலிருந்து மூன்று வாரமாக நம் ஐம்பது வயதுக் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

அளந்துதான் வாங்கினேன். நீளம் சரி, அகலம் சரி. மூடினால் பானெட் எவ்வளவு கீழே இறங்கும் என்று மட்டும் பார்க்கவில்லை. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுல தைக்கிறவங்கள வச்சுக்கிட்டு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா சார்?"

நீ வீட்டில் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

நேற்று எஞ்சினைக் கழற்றிவிட்டோம். "எங்க வைக்க?" என்றார். உன் தையல் மெஷினை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு முன்பு எஞ்சினை வைத்திருந்தேனே, அந்த ஜன்னலோரத்தை நான் காட்டவில்லை. என் மேஜையை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் வைத்தோம்.

வராந்தாவில் மழையில் நனைந்த உன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பழையபடி ஜன்னலோரத்திலேயே வைத்திருக்கிறேன். பாழாய்ப்போன சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

எதை முதலில் கழற்ற வேண்டும்? உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
கேட்காமல் அளந்தவன்