புதிதாக எதுவும் அனுப்பாதீர்கள்

பரங்கிப்பேட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் போன் அணைந்திருப்பதைக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை.

குரூப்பில் குவிந்திருந்த ஜும்ஆ முபாரக் படங்களை அழித்தபோது, நம் மகளின் படங்களும் சேர்ந்து போய்விட்டன. உங்களுக்குச் சிரித்த படங்களை மட்டும்தான் அனுப்பினேன். காய்ச்சலில் கிடந்தவையெல்லாம் என்னிடம்தான் இருந்தன.

சிதம்பரத்துக் கடைக்காரர், "மீட்டுப் பாக்கலாம்க்கா. அதுவரைக்கும் போன ஆஃப் பண்ணியே வைங்க. புதுசா ஒரு படம் வந்தாலும் பழசு இருந்த எடத்துல போயி உக்காந்துக்கும். அப்புறம் கெடைக்காது" என்றார். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போன் இப்போது அவளுடைய உடுப்புப் பெட்டியில் இருக்கிறது. நீங்களும் எதுவும் அனுப்பாதீர்கள், மச்சான். திறந்ததும் எல்லாம் வந்து விழுந்துவிடும்.

மாமியின் போனில் பேசியிருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே நிற்பார்கள். "போனவ போயிட்டா, அல்லா இன்னொன்னு குடுப்பான்" என்பார்கள். அதனால்தான் அங்கே உங்கள் பக்கம் பயணம் கிளம்பும் நவ்ஷாத் அண்ணன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

அல்லாஹ் கொடுத்துவிட்டான், மச்சான். நீங்கள் லீவில் வந்து போனதிலிருந்து நாள் தள்ளியிருந்தது; நேற்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

சந்தோஷப்படத்தான் வேண்டும். கடைக்காரர் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா