பின்மண்டையில் வட்டங்கள்

12.3.1984
அச்சுவேலிச் சந்தையடியில் சலூன் போட்டு இருபத்திரண்டு வருடம். தலையைத் தொட்டாலே ஆளைச் சொல்லிவிடுவேன்.

இன்று லண்டனிலிருந்து வந்த கதிரவேலு மயிர்வெட்டும் கதிரையில் இருந்தான். வைகாசியில் கலியாணம். முன்னால் கொத்துக் கொத்தாக மயிர், பின்னால் கழுத்துவரை வளர்த்தி. “பின்னுக்குத் தொடாதேங்கோ அண்ணை” என்றான். சீப்பு விடும்போது கண்டுவிட்டேன். பின்மண்டையில் பயறளவு வட்டங்கள், மயிரே இல்லை. புழுவெட்டு நோய்தான், சந்தேகமேயில்லை. அவன் போனதும் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டேன்.

15.3.1984
பெண்ணின் தகப்பன் முத்துக்குமாரு, மாப்பிள்ளையின் தலை எப்படி என்று விசாரித்தார். கண்டதைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்கென்ன தேவை?

18.3.1984
கலியாணம் நின்றுவிட்டதாம்.

19.3.1984
விடியவே கதிரவேலு வந்தான். சண்டைக்கென்று நினைத்தேன். கதிரையில் ஏறியிருந்து தலையைக் குனித்தான். “வடிவாப் பாருங்கோ.”

வட்டங்கள் வரிசையாக இருந்தன. நோய் வரிசை பிடித்தா வரும்?

அவனுக்கு இருபத்தெட்டு வயதிலேயே முன்மண்டை மயிர் கொட்டி வெளித்துவிட்டதாம். டொக்டர் விறைப்பூசி போட்டு, பின்தோலை மயிரோடும் வேரோடும் துளித்துளியாகத் தோண்டி முன்னால் நட்டாராம். சில கிழமையில் நட்ட மயிர் கொட்டி, வேர் நின்று, நாலாம் மாதம் முளைத்ததாம். அதுவும் பிறகு விழாதோ என்று கேட்டேன்.

“பின்மயிர் எங்கை வைச்சாலும் பின்மயிர்தான் அண்ணை.”

எனக்குத் தெரியாததா? எத்தனை வழுக்கை கண்டவன் நான்! உச்சி வெளித்தாலும் பிடரி மயிர் கடைசிவரை நிற்கும். வட்டங்களின் வரிசையைப் பாராமல் புழுவெட்டு என்றேனே - மடையன்.

முத்துக்குமாருவிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாமாம். நட்ட தலை என்று ஊர் சிரிக்குமாம்.

“அப்ப நோய்க்காரன் எண்டு இருக்கப்போறியோ?”

“அப்ப நீங்களும் கூட வாங்கோ அண்ணை” என்றான்.

22.3.1984
இருவருமாகப் போனோம். நான் சொன்னது பிழை என்று முத்துக்குமாரு முன்னால் ஒத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. கதிரவேலு எல்லாம் சொன்னான். பழைய மயிர் இன்னும் கொட்டலாம், பின்னால் எடுக்க இனி அதிகமில்லை என்பதுவரை.

பெண் பத்மாசினி கதவடியில் நின்றாள். “இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“பயம்” என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

30.3.1984
ஒரு செய்தியும் இல்லை. கை ஓடவில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னது சரிதான்.

24.5.1984
நின்ற கலியாணம் திரும்பக் கூடிவிட்டது; மாப்பிள்ளைச் சவரத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துவாயைக் கட்டி, கதிரவேலுவின் முன்மயிரில் நுனியை மட்டும் வெட்டி நிறுத்தினேன்.

“பின்னுக்கு ஒட்ட வெட்டுங்கோ அண்ணை.”

“வட்டம் தெரியுமடா.”

“ஓம். தெரியட்டுமாம். பத்மாசினி சொன்னவ.”

கத்தரிக்கோலை வைத்துவிட்டு மெஷினை எடுத்தேன்.