பெரியவர்கள் நுழையக் கூடாத சுரங்கம்

துவைக்கப் போடுவதற்காகத் தர்ஷினியின் சட்டையை எடுத்தேன். கழுத்தோரத்தில் கொசு விரட்டும் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செராய், எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் துணியைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதம்தான், திட்டாதே.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது தர்ஷினி பிறந்து இருபத்தைந்து நாள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் நீ வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு, "மூக்கு ஒன்னோடது, பாவம்லா பிள்ள" என்று சிரித்தாய். பச்சை உடம்புக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, குழந்தைக்கு ஆகாது என்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தியவானில் உன்னைத் தேவாலயத்தில் வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்த நேரத்தில், இங்கே கோப்பெங் வீட்டில் நான் கொசுவலைக்குள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். இன்னும் அந்த வலையை விட்டு வெளியே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நாலு மணிக்கே சன்னல்களைச் சாத்திவிடுகிறேன். அவளை வாசலில் விளையாட விடுவதில்லை. வேலையையும் விட்டாயிற்று. நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து வாங்கிய பட்டம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தடிக்காவில் பாலர் வகுப்புக்கு அவளைச் சேர்க்கும் படிவம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. திங்கட்கிழமை கடைசி நாள். காலையில் அவளை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு நான் திரும்பி வர வேண்டும். அது என்னால் முடியுமா என்பதுதான் இந்த வீட்டில் இப்போது ஒரே பேச்சு.

"மொதல்ல ஒரு மணி நேரம் அவள விட்டுப் பழகு" என்று சொல்லி, இன்று அவர் எங்களை ஈப்போவில் சிறுவர் அருங்காட்சியகத்து வாசலில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டுக் காடிக்கு டயர் மாற்றப் போய்விட்டார்.

அங்கே எதையும் தொடலாம். தொட்டியில் படகு விடலாம். ரப்பர் மரம் மாதிரி செய்த தூணில் வெள்ளைத் தண்ணீர் வடிகிறது, அதைக் கோப்பையில் பிடிக்கலாம். நீ இருந்திருந்தால், "எங்கம்மா பால் வெட்டுன மரத்துக்கு இப்ப டிக்கெட்டா?" என்று கேட்டிருப்பாய். நான் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஈரத்தாளோடு ஓடி அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சுரங்கம் வந்தது. பழைய ஈயச் சுரங்கம் மாதிரி மரத்தால் செய்த நீளமான இருட்டுக் குழாய். பிள்ளைகள் விளக்கு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வாயில் தவழ்ந்து நுழைந்து மறுவாயில் வர வேண்டும். பெரியவர்கள் நுழையக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. தர்ஷினி என் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வரை எண்ணினேன். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். பலகையைப் பார்த்துக்கொண்டே குனிந்து நுழைந்துவிட்டேன்.

முதல் வளைவில் தோளைக் குறுக்கிச் சமாளித்தேன். இரண்டாவது வளைவில் இடுப்பு நின்றுவிட்டது. முதுகுப்பை மேலே எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னால் இருட்டு. மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. பின்னால் பிள்ளைகள் வரிசையாக வந்து முட்டினார்கள்.

"ஆன்ட்டி, நகருங்கலா! பின்னுக்கு ஜாம் ஆவுது!" ஒரு சிறுமியின் குரல்.

"ஆன்ட்டி குண்டுலா, அதான்."

"ஏய், அவங்களுக்குக் கேக்கும்!" என்று அதட்டிவிட்டு அவளே மறுபடி கத்தினாள். "ஆன்ட்டி, முன்னுக்குப் போவ முடியாது. கோஸ்தான் பண்ணுங்க!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கே போய்விட்டேன். உன் அண்ணனுடைய பழைய காடியில் நீ எனக்கு ஓட்டப் பழக்கினாய். சாலை ஒரு வாய்க்காலில் போய் முடிந்தது. பின்னால் எடுக்கத் தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நீ உப்புத் தொட்டு ஜம்புக்காய் தின்றுகொண்டிருந்தாய். "அழுதா காடி நகருமாடி? கோஸ்தான் போடு. நான் பின்னால பாக்கறேன், நீ மெதுவா வா."

சுரங்கத்தில் எனக்காகப் பின்னால் பார்க்க நீ இல்லை. பையைக் கழற்றிவிட்டு, முழங்காலால் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். "எல்லாரும் கோஸ்தான்! ஆன்ட்டி வர்றாங்க!" என்று அந்தச் சிறுமி உத்தரவு போட, மொத்த வரிசையும் சிரித்துக்கொண்டே பின்வாங்கியது.

வெளியே வந்து மறுவாய்க்கு ஓடினேன். தர்ஷினி அங்கே இல்லை. அவள் எப்போதோ வெளியேறி, ரப்பர் மரத்தடியில் கோப்பை பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, ஒங்க தலையெல்லாம் தூசி" என்றாள். பிறகு கோப்பைக்குத் திரும்பிவிட்டாள். என்னைத் தேடவே இல்லை. அவள் கொஞ்சம் அழுதிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் படிவத்தை எடுத்து வந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே, எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. கீழே அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் அவர். அவருடைய எண்ணைக் கைப்பேசியைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது கட்டத்தில் எதையும் பார்க்காமல் மடமடவென்று எழுதினேன். கடைசி இலக்கமும் எழுதிய பிறகுதான் அது உன் எண் என்று தெரிந்தது.

அழிக்க வெள்ளை மை பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும்.