காவா மது இல்லையாம்!

அன்புள்ள அம்மா,

சுவாவில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பிரிஸ்பேனில் நாங்கள் இருவரும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பயப்படாமல் படியுங்கள்.

ரக்பியில் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து விறைத்துக்கொள்ளும் அண்ணனின் கால்களுக்கு பேக்லோஃபன் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. தசை முறுக்கு தளர்ந்துவிட்டது, பேச்சு முறுக்குதான் தளரவில்லை. ஞாயிறு மதியம், நம் தீவில் எல்லோரும் கிறக்கத்துக்குக் குடிக்கிறார்களே, நீங்கள் அனுப்பிய அந்தக் காவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தான்.

"டேய் அண்ணா, மாத்திரையோட மது கூடாதுன்னு போட்டிருக்கு!"

"காவா மதுவாடி? நம்ம போதகரே குடிக்கிறாரு!"

சிரட்டை சிரட்டையாகக் குடித்தான். தலை தொங்கியது. தூங்குவதுபோல் நடித்து என் குறும்புகளுக்குப் பழிவாங்குகிறான் என்று மூக்கைக் கிள்ளினேன். விழிக்கவில்லை, மூச்சும் மெதுவானது. ஆம்புலன்ஸை அழைத்தேன். இரண்டும் சேர்ந்து மயக்கிவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

பிழைத்து வந்தவன், "இனி மாத்திரையே வேணாம்" என்கிறான். திடீரென நிறுத்தினால் வலிப்பு வருமாம். நான் சொன்னால் விளையாட்டு என்கிறான். போன் செய்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் மின்னஞ்சல். படித்ததும் நீங்களே அவனை அழைத்துத் திட்டுங்கள். அடுத்த பார்சலில் காவா வேண்டாம், உங்கள் வாசம் வீசும், நீங்கள் உடுத்திய துணி ஒன்று போதும்.

மாத்திரை வேளை வந்துவிட்டது, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சீக்கிரம் அழையுங்கள், அம்மா.

வசிதி