கடலுக்குப் போற ஆக்கள்

8 பெப்ரவரி 2025, சனி

இன்றைக்குத் தமிழ்ப் பள்ளியில் ‘நாடுகாண் பயணங்கள்’ தொடங்கினேன். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் வகுப்பு நடக்கிறது. புத்தகம் ஊரிலிருந்து வந்த பழைய சரித்திரப் புத்தகம். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார். வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார். ஆளாளுக்கு ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மிதுலன் கையைத் தூக்கினான். "மிஸ், அங்க முதலே ஆக்கள் இருந்தவைதானே?"

"ஓம்."

"அப்ப அது, அம்மா என்ர போனைக் கண்டுபிடிக்கிற மாதிரி. பிறகு திருப்பித் தரமாட்டா."

வகுப்பே சிரித்தது. நானும்தான். இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணை குசினிக்குள், அடுப்படியில், அம்மாவுக்கு முன்னால் நிற்கிறான், களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி. ஒரு பெட்டையை விரும்புகிறானாம். கலியாணம் கட்டப் போகிறானாம். பெயர் இனேஸ். லிஸ்பனில் பிறந்து ஸ்டொக்வெல்லில் வளர்ந்தவளாம்.

போர்த்துக்கேயப் பெட்டை! காலையில் அவர்களை வகுப்பில் கிழித்துவிட்டு வருகிறேன், பின்னேரம் எங்கள் குசினிக்குள் நிற்கிறார்கள். குசினி என்ற சொல்லே அவர்கள் விட்டுப்போனதுதான். கதிரை, மேசை, சப்பாத்து — எல்லாம்.

9 பெப்ரவரி

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "மாடு சாப்பிடுவாளோ?"

13 பெப்ரவரி, வியாழன்

நாயகி மாமிக்குச் செய்தி போய்விட்டது. அப்பாவின் அக்கா. குட்மேய்ஸில் இருக்கிறா. முழுப் பெயர் அருமைநாயகி, அருமையாகத்தான் சிரிப்பா. எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணமும் மாமி தலையாட்டிய பிறகுதான்.

லண்டனுக்கு வந்து எத்தனையோ வருசம். இன்னும் யாரைப் பற்றிச் சொன்னாலும் மாமியின் முதற் கேள்வி: "என்ன ஆக்கள்?" பெயர், படிப்பு, குணம் எல்லாம் அதற்குப் பிறகு. சாதி என்று வாயால் சொல்லாமல் சாதி கேட்கிற கேள்வி. எங்கள் சனம் பாஸ்போட்டைத் தொலைத்திருக்கிறது, பெட்டியைத் தொலைத்திருக்கிறது, இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் தொலைக்கவில்லை.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"போர்த்துக்கீஸ், அக்கா."

"வாஸ்கோடகாமாட ஆக்களோ! எட, கடலோடிப் பரம்பரை. உலகத்தையே ஆண்டவையெல்லோ!"

எங்களையும்தான் ஆண்டவர்கள், மாமி. நல்லூரில் கோயிலை இடித்துவிட்டு ஆண்டவர்கள். எங்கள் ராசாவைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்கள். பக்கத்துத் தெருக்காரன் என்றால் மூன்று தலைமுறை விசாரிப்பு. கோயிலை இடித்தவன் என்றால் பரம்பரையாம்.

இதை அந்த இனேஸுக்கு முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணை அவளை என் வேலையிடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஓவியக் கூடத்தில் அறைக்காவல். பதினைந்தாம் நூற்றாண்டு அறை எனக்கு. படங்களைத் தொடவிடாமல் பார்ப்பதுதான் வேலை. கொன்ராக்ட் கொம்பனி சம்பளம், கதிரை கிடையாது. மறுமலர்ச்சிக் காலத்தை என்னளவுக்குக் கால் நோக நோகப் பார்த்தவர்கள் குறைவு.

குழந்தை யேசு படத்துக்கு முன்னால் நின்றோம். மேய்ப்பர்களுக்கு முன்னால் ஒரு பணக்காரன் முழங்காலில் நிற்கிறான், சிவப்புப் பட்டோடு. படத்துக்குக் காசு கொடுத்தவன். எங்கள் கோயில்களில் ரியூப் லைற்றில் வெளிச்சம் மறைக்க ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறவர்களுக்கு இவன்தான் பெரியப்பா. இனேஸுக்கு அதைச் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு நன்றாக இருந்தது. அதனால் எனக்குக் கோபம் கூடியது.

"உங்கட ஆக்கள் எங்கட கோயிலை இடிச்சவை, தெரியுமோ?" ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆனால் இந்தத் தொனியில்.

அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் பின்வாங்கவில்லை.

"தெரியாது. பள்ளிக்கூடத்தில் கப்பல் புறப்பட்டதைப் படிப்பித்தார்கள். போய் இறங்கின இடத்தில் என்ன செய்தார்கள் என்று படிப்பிக்கவில்லை. நீ சொல்லு."

சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். குறுக்கே ஒரு ‘ஆனால்’ கூட இல்லை.

பிடித்துவிட்டது. சனியன்.

16 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு இனேஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். மாமியும் வந்தா — பட்டுச் சேலை, பதக்கச் சங்கிலி. பிரதமர் வீட்டுக்கே போகலாம்.

இனேஸ் தாயார் சமைத்த ஒரு தட்டம் கொண்டுவந்தாள். கொட் மீனை உப்புப் போட்டுக் காயவைத்து, பிறகு ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்தது. அவர்களுடைய பெருநாள் சாப்பாடாம். மாமி ஒரு வாய் வைத்தா. கண் விரிந்தது.

"எடி, உது கருவாடெல்லோ!"

அப்பாவும் எடுத்தார். அம்மாவும். மாமி இரண்டாந்தரம் போட்டா. ‘பாவம், நல்ல பிள்ளை’ என்று எனக்குக் காதுக்குள் சொன்னா. எல்லாம் முடிந்தது, தலையாட்டியாச்சு என்று நினைத்தேன்.

அப்போது இனேஸ் பெருமையாகச் சொன்னாள், தன் தாத்தா கொட் மீன் பிடிக்கக் கிறீன்லாந்துப் பக்கம் போனவர் என்று. பெரிய கப்பலில் போய், பனிக்கடலில் சின்ன வள்ளங்களை இறக்கி விடுவார்களாம். வள்ளத்துக்கு ஒரு ஆள். தனியே.

அண்ணை தமிழில் சொன்னான். மாமியின் கை சாப்பாட்டுக் கோப்பையில் நின்றது.

"கடலுக்குப் போற ஆக்களோ?"

இதே வாய்தான் ‘கடலோடிப் பரம்பரை’ என்று சொன்னது. பீரங்கியோடு போனால் கடலோடி. வலையோடு போனால் கடலுக்குப் போகிறவன். போர்த்துக்கல்லில் பிறந்தவளுக்கு எங்கள் ஊரில் கீழே வைத்த மீனவச் சாதியை எடுத்துப் பூட்டுகிறா மனுசி! எனக்கு வாய் நிற்கவில்லை.

"மாமி, வாஸ்கோடகாமாவும் கடலுக்குத்தான் போனவர்."

"நீ வாயைப் பொத்து. யோகராஜா, இந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டன். எழுதி வை," என்றா அப்பாவைப் பார்த்து.

எழுதி வைத்திருக்கிறேன் மாமி, இதோ.

இனேஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உப்புக் கூடிவிட்டதா?" என்று கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

17 மார்ச்

அண்ணை அவளுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினானாம். அவள் கேட்டிருக்கிறாள்: "அப்ப, மீனைச் சாப்பிடலாம். பிடிக்கக் கூடாது?"

25 மார்ச், செவ்வாய்

வீடு உம்மென்று இருக்கிறது. வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. சரியென்றும் சொல்லவில்லை. ‘அக்காதான் என்னை இஞ்ச கொண்டுவந்து சேர்த்தவ. அவ இல்லாமல் நான் எப்பிடிச் சபையில நிக்கிறது?’

அண்ணை கத்தவில்லை. ‘நீங்கள் நிக்காட்டி எனக்கு மணவறை வேண்டாம் அப்பா. ரெஜிஸ்டர் மட்டும் எழுதிப்போட்டுப் போறம்.’ சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னா: "விம்பிள்டன் பிள்ளையாரில ஜூன் முதலாம் திகதி நாள் கேட்டிருக்கிறன். கலியாணக் காட் அடிக்கக் குடுத்தாச்சு."

அம்மா!

6 ஏப்ரல், ஞாயிறு

ஒவ்வொரு விவரமும் இருக்கவேண்டும் என்பதால் ரெயினிலேயே எழுதத் தொடங்கினேன்.

மாமிக்குக் காட் கொடுக்க அப்பாவோடு நான் போனேன். அம்மாதான் அனுப்பினா. ‘அவர் கதவடியில நிண்டு திரும்பி வந்திடுவார், நீ உள்ளுக்க தள்ளிவிடு.’ தள்ளவேண்டியிருக்கவில்லை.

மாமி காட்டைக் கையில் வாங்கவில்லை. அப்பா மேசையில் வைத்தார். தேத்தண்ணி வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

அப்பா கேட்டார், மெல்லிய குரலில்:

"அக்கா, ராமேஸ்வரத்துக்கு எங்களை வள்ளத்தில ஏத்தினவன்ர பேர் ஞாபகம் இருக்கோ?"

"எந்தக் காலத்துக் கதை இப்ப?"

"எனக்கும் ஞாபகம் இல்லை. கேக்கேல்லை நாங்கள். நேவி சுட்டுக்கொண்டிருக்க, அவன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எங்களை வள்ளத்துக்குள்ள படுக்கச் சொன்னவன். தான் மட்டும் நிண்டவன். நீங்கள் குடல் வெளியில வாற மாதிரிச் சத்தியெடுத்து மயங்கிப் போனியள். தன்ர போத்திலில வைச்சிருந்த தண்ணியைத்தான் தந்தவன். வாய் வைச்சுக் குடிச்சியள்."

மாமி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அண்டைக்கு அவன் என்ன ஆக்களெண்டு நீங்கள் கேட்டனீங்களோ, அக்கா?"

அவ்வளவுதான். எழும்பிவிட்டார். நான் ஒரு சொல்லும் பேசவில்லை — நான்!

ரெயினில் அப்பாவைக் கேட்டேன், ஏன் இதை எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று. ‘நீ கேக்கேல்லையே,’ என்றார். உண்மைதான். கொலம்பஸின் மூன்று கப்பலுக்கும் பெயர் சொல்லுவேன். அப்பா ஏறிய வள்ளத்தைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

தோர்ண்டன் ஹீத்தில் இறங்கியதும் அப்பா சொன்னார்: "அண்ணைக்குச் சொல்லு, நான் மணவறையில நிப்பன். அக்கா வந்தாலும், வராட்டிலும்." பிறகு கடைக்குள் போய் எனக்கு ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தார், சின்னப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற மாதிரி. சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.

3 மே, சனி

வகுப்பில் ‘நாடுகாண் பயணங்கள்’ முடிந்தது. வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் கடல் தாண்டிய ஒருவரைக் கேட்டு எழுதுங்கள். மிதுலன் எழுதியிருக்கிறான்: ‘என் அப்பா ஹொலண்டிலிருந்து ஃபெரிக் கப்பலில் வந்தார். சத்தியெடுத்தார். லண்டனில் முதலே ஆக்கள் இருந்தார்கள்.’

முழுப் புள்ளி போட்டேன்.

மாமியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

1 ஜூன், ஞாயிறு

கலியாணம் முடிந்தது. கால் நோகிறது. வேலையில் நோகிற நோ இல்லை இது.

இனேஸுக்குக் கூறைச்சேலை இடுப்பில் நிற்கவில்லை. பின் குத்திக் குத்தி நான் அவளை ஒரு வேலி மாதிரி ஆக்கிவிட்டேன். அவளுடைய தாய் மேளத்துக்கு அழுதா; பக்கத்தில் அம்மா ஒரு லேஞ்சியை நீட்டினா. தாய் திரும்பிப் பார்த்து ‘லென்சோ’ என்றா. ‘ஓம், லேஞ்சி,’ என்றா அம்மா. பிறகு இரண்டு பேருமாக மேசை, சாவி, அலுமாரி என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் திரும்பி முறைத்தார்.

அப்பா மணவறையில் நின்றார். வேட்டி கொஞ்சம் கட்டை. நிமிர்ந்து நின்றார்.

தாலி கட்டுகிற நேரம் மாமி வந்தா. அதே பட்டுச் சேலை. ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. பின் வரிசையில் போய் இருந்தா. அறுகரிசி போடும்போது மட்டும் எழும்பி வந்து இரண்டு பேருக்கும் போட்டா. இனேஸின் தலையில் கொஞ்சம் கூடவே விழுந்தது. ஆசீர்வாதமா, கோபமா, தெரியவில்லை.

பந்தியில் நான் சோறு போட்டுக்கொண்டு போனேன். மாமிக்குப் பக்கத்தில் குட்மேய்ஸ்க் கூட்டாளி ஒருத்தி குனிந்து கேட்டா: "நாயகி, பொம்பிளை என்ன ஆக்கள்?"

அகப்பையோடு நின்றுவிட்டேன்.

மாமி அப்பளத்தை உடைத்தா.

"கடலுக்குப் போற ஆக்கள்," என்றா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தா. "என்னடி வாய் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? சோத்தைப் போடு."

போட்டேன்.