நம் காலனியின் ஆறாவது விதி

அன்பு மாப்ள தேவராஜ்,

நீ கண்ணை மூடிய பிறகு பேப்பரை நான் தனியாகத்தான் படிக்கிறேன். சண்டை போட ஆளில்லாமல் சப்பென்று இருக்கிறது. என் தங்கை ரீட்டா நன்றாக இருக்கிறாள். உன் கண்ணாடியை இன்னும் டிவி மேல்தான் வைத்திருக்கிறாள்.

நமக்குள் சண்டை ஒன்றுதான். பெரும்பான்மை இருந்தால் பார்லிமெண்ட் எதையும் செய்யலாம் என்பேன் நான். பள்ளியில் குடிமையியல் நடத்திய நீ விடுவாயா? "சட்டம் போடலாம் மச்சான், அரசியலமைப்பையே திருத்தலாம். ஆனா அதோட அடிப்படையை உடைக்க முடியாது. எம்புட்டுப் பேரு கை தூக்குனாலும் கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லிரும்."

"ஓட்டுப் போட்டு அனுப்புனது நாம. தடுக்க கோர்ட்டு யாரு?" என்பேன். டீ ஆறிப்போகும்.

தல்லாகுளத்தில் நம் காலனிக்குச் சங்கம் வைத்தபோது விதிகளை எழுதியவன் நீ. பொது போர்வெல் தண்ணீர் சொந்த வீடு, வாடகை வீடு எல்லாருக்கும் சமம், இதை எந்தப் பெரும்பான்மையும் மாற்ற முடியாது என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தாய். "பார்லிமெண்டுக்கே கட்டுப்பாடு கிடையாது, நமக்கு எதுக்குய்யா?" என்று கேலி செய்தேன். "பார்லிமெண்டுக்கே இருக்கு மச்சான், நமக்கு இருந்தா குறைஞ்சா போயிருவோம்?" என்றாய்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சும்போது எல்லாரும் பழம் கொண்டுபோவார்கள். நீ மட்டும் விதிகளின் நகலோடு போவாய். யார் படிக்கப்போகிறார்கள் என்று அதற்கும் சிரித்தேன்.

இந்தக் கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. இப்போது நான்தான் தலைவர், உன் நாற்காலிதான். போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் கூட்டம். வாடகை வீடுகளுக்கு இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று தீர்மானம். வாடகைக்கு இருப்பவர்களுக்கோ சங்கத்தில் ஓட்டு கிடையாது. சொந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம். ஆமாம் மாப்ள, நானும் தூக்கினேன். தீர்மானத்தை எழுதியதே நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் செல்வி எழுந்தாள். பேரையூர்ப் பக்கத்திலிருந்து படுத்த படுக்கையான அம்மாவோடு வாடகைக்கு வந்த நர்ஸ், உனக்குத் தெரியுமே. அம்மாவின் துணியை அலச அவளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அவள் கெஞ்சவில்லை. நீ கொடுத்த நகலை நீட்டினாள்.

"அண்ணே, ஆறாவது விதியைக் கொஞ்சம் வாசிங்க."

வாசித்தேன். எந்தப் பெரும்பான்மையும் மாற்ற முடியாது என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். "எல்லாரும் சேந்து முடிவு பண்ணியாச்சு, இந்தக் காகிதம் என்ன செஞ்சிரும்?" என்றார் எதிர்வீட்டு முத்தையா. அவர் கேட்டதும் சரிதானே? நம் மொட்டைமாடிக்கு எந்தக் கோர்ட்டு வரும்? நாற்காலியில் இருந்த நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இது நம்ம கையில இல்லண்ணே. இந்தத் தீர்மானம் செல்லாது."

தீர்மானப் புத்தகத்தில் ஆதரித்தவர்களில் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குக் கீழேயே 'செல்லாது' என்று எழுதி இன்னொரு கையெழுத்தும் போட்டேன். முத்தையா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, எல்லா வீட்டுக்கும் அரைமணி நேரம் குறைக்கலாமே என்றார். இப்போது அப்படித்தான் விடுகிறோம். செல்வி வீட்டுக் கொடியில் தினமும் துணி காய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படிக்கிறேன், மனசு நிறைவாக இருக்கிறது.

ஒரே ஒரு குறை. நீ இருக்கும்போது ஒருநாளாவது "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருக்கக் கூடாதா நான்?

அடுத்த வாரம் மூன்றாம் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். நகல் எடுத்துவிட்டேன், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். என்றைக்காவது அவர்கள் அதை என் முகத்துக்கு எதிரேயே நீட்டினால் கோபப்பட மாட்டேன் மாப்ள. எழுந்து நின்று சத்தமாக வாசிப்பேன். இது சத்தியம்.

உன்னிடம் தோற்றுப்போன சந்தோஷத்தில்,
ரீட்டாவின் அண்ணன், உன் மச்சான்
அந்தோணி