கையெழுத்துப் போட்ட தொண்டர்

மார்ச் 4
அறக்கட்டளையிலிருந்து கடிதம். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரமானது. என் வீட்டுக்காரர் வெறும் 'தொண்டர்'தானாம், ஊழியர் இல்லையாம். அதனால் சரக்கு லிஃப்டின் கம்பி அறுந்து இவர் செத்ததை வேலையில் நடந்த விபத்தாக விசாரிக்க முடியாதாம். இவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலும் கூட இருந்தது. அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5
கொழுந்தனாரும் அந்த அறக்கட்டளைக் கிடங்கில்தான் துணி மூட்டை ஏற்றுகிறார். புதுக் கம்பி மாட்டி அதே லிஃப்டை ஓட்டுகிறார்களாம். எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லையாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

மார்ச் 9
கடிதத்தை ஒரு வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். 'வர இயலாவிட்டால் இரண்டு நாள் முன்பே அனுமதி பெற வேண்டும்.' தொண்டருக்கு எதற்கு அனுமதி என்றார். தொண்டர் என்று பேர் வைத்தால் மட்டும் போதாதாம், வேலை எப்படி நடந்தது என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்களாம்.

விபத்து நடந்த அன்று காலை இவருக்குக் காய்ச்சல். போக வேண்டாம் என்றேன். "சொல்லாம நிக்கக் கூடாதுடி, கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இதைச் சொன்னேன். வக்கீலம்மா எழுதிக்கொண்டார்.

மார்ச் 10
வழக்குப் போடுவது தெரிந்து கொழுந்தனார் வந்து கத்தினார். "அண்ணன் மனசாரச் செஞ்சதைக் கூலி வேலையாக்கிட்டீங்களே அண்ணி!"

அந்தத் தொண்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இவர் தெருவில் நடக்கிற நடை எனக்குத் தெரியாதா? ஆனா இவரோட தம்பி நாளைக்கும் அதே லிஃப்ட்லதானே ஏறணும். அத நான் யார்கிட்ட சொல்றது?

மார்ச் 11
அடுப்பு பற்றவைக்கவில்லை.

மார்ச் 23
தொழிலாளர் அலுவலகத்தில் முதல் விசாரணை. விரும்பிப் போனாரா, கட்டாயத்தில் போனாரா என்று அதிகாரி கேட்டார். பின்பெஞ்சில் கொழுந்தனார். கட்டாயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊழியர் என்றாகிவிடும் — வாய் வரவில்லை.

"எப்பவும் விரும்பித்தாங்க போவாரு. அன்னைக்கு மட்டும் போகாம இருக்க முடியலன்னு போனாரு."

வாசலுக்கு வந்து அழுதேன். இவரை விட்டுக்கொடுத்துவிட்டேனோ?

ஏப்ரல் 17
கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார், ஒரு மாதத்துக்குப் பிறகு. வேலையில் நடந்த விபத்தாகவே வழக்கை எடுத்துக்கொண்டார்களாம். லிஃப்டைப் பூட்டி முத்திரையும் வைத்தாயிற்றாம். "மூணு மாடிக்கும் மூட்டைய நாந்தான் சுமக்கிறேன். உங்களால என் முட்டி போச்சு அண்ணி."

எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். முட்டியில் தேய்த்துக்கொண்டார்.